எடைப்பாலம்

செம்பனை ஆலை வாசலில்
பதினேழு வருடமாக என் நாற்காலி.
லோரி உள்ளே வரும்போது ஓர் எண்,
குலையைக் கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எண்.
கழித்தால் வருவது பழம்.
வண்டியின் எடைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

பீடோர் குளினிக்கின் தராசு
நூற்றிருபதோடு நின்றுவிடும்.
அதற்குமேல் எவ்வளவு என்று மிஸ்ஸிக்குத் தெரியவில்லை,
எனக்கும்.
ஒருநாள் ராத்திரி, கடைசி லோரி போனபின்,
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
நானே ஏறினேன் பாலத்தின் நடுவுக்கு.
வெளிப்பலகையில் சிவப்பாக 130.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
நூற்று இருபத்தேழோ, முப்பத்து நாலோ,
அந்த ஒற்றை இலக்கம்
எனக்கும் கடவுளுக்கும் மட்டும்.

பிறகு ஈப்போ, பெரிய ஆஸ்பத்திரி.
இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டிவிட்டு
மிச்சத்தை ஒரு பீசாங் மாஸ் அளவுக்குத் தைத்தார்கள்.
அடுத்த கட்டிலில் சலேத்மேரி, தெலுக் இந்தான்காரி.
மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:
"வெட்டினத என்னக்கா பண்ணுவாங்க?"
சிரிக்க முடியவில்லை.
வயிற்றில் ஐந்து ஓட்டை.

ஒரே வருடத்தில் ஐம்பது கிலோ.
"இனிப்புநீர் முத்திப்போச்சு போல" என்றது ஊர்.
போனதே இனிப்புநீர்தான்.
இன்சுலினை நிறுத்திய அன்று
ஐஸ்பெட்டிக் கதவின் அடுக்கு காலியானது,
அங்கே முட்டையை அடுக்கினேன்.
நாகரெத்தினம் இருட்டில் என் தோள் எலும்பைத் தொட்டுவிட்டு
வேறு யாரோ என்று கையை இழுத்துக்கொண்டார்.

கல்யாண வீட்டில் மூன்று கரண்டி.
நாலாவது நெஞ்சிலேயே நின்று என்னை முறைக்கும்.
சாப்பிட்டு அரைமணி நேரம் தண்ணீர் கூடாது.
தலைமுடி கொத்தாகக் குளியலறைச் சாக்கடையில்.
தொங்கும் தோலை மடித்து
உள்பாவாடைக்குள் செருகிக்கொள்ளும் காலை நேரங்கள்.

தே தாரிக் அந்தச் சின்ன இரைப்பையிலும்
தடையில்லாமல் இறங்கும்.
இதை யாரும் சொல்லவில்லை.
சொன்னார்கள்; நான்தான் கேட்கவில்லை.
ஏழாம் வருடம் தொடங்கி
மழைநாள் சுவரில் ஈரம் ஏறுவதுபோல்...
இப்போது தொண்ணூற்றேழு.
"அறுத்தும் ஏறிடுச்சா?" மீன் செதிலோடு
என் காசையும் சீவுகிறாள் பசாரில் ஒருத்தி.
ஒரு மாத்திரை திரும்பி வந்துவிட்டது.
ஊசி வரவில்லை.
முழங்கால் மாடிப்படியைக் கண்டு அழுவதில்லை.

சலேத்மேரி என்னைவிட இளைத்தாள்.
நாலாம் வருடத்தோடு
பரிசோதனைக்கு வருவதை விட்டுவிட்டாள்,
சத்து மாத்திரையையும்.
"நல்லாத்தானேக்கா இருக்கேன்."
போன கிறிஸ்மஸுக்குப் போனேன்.
சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதவைத் திறந்தாள்.
பாதம் மரத்துவிட்டதாம்,
ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது
அவளுக்குத் தெரியவில்லை.
பலகாரத் தட்டை நீட்டினாள்.
இரண்டு பேரும் ஒரு முறுக்கை உடைத்துக்கொண்டோம்.

இந்த வருடம் ஒரு தாள் கொடுத்தார்கள்.
பன்னிரண்டு வருடம் ஆனவர்களுக்காம்.
கடைசிக் கேள்வி:
திரும்பவும் செய்துகொள்வீர்களா?
ஆம், இல்லை, இரண்டு கட்டம்.
கழித்தல் எனக்குத் தெரிந்த கணக்குதான்.
ஆனால் இதில் எது வண்டி, எது பழம்?
'ஆம்' என்று கோடு போட்டேன்.
பேனா தாளைக் கிழித்தது.
சலேத்மேரியை எழுத அதில் இடமில்லை.

நேற்று ராத்திரி மறுபடி ஏறினேன்.
100 என்றது, மூன்று கிலோ தாராளமாக.
இறங்கிய பிறகும் பலகையில் 10.
யாருமில்லை பாலத்தின்மேல்,
மழையில் லோரிகள் விட்டுப்போன சேறு.
காலையில் ஆறு மணிக்கு முன்
கழுவிவிட வேண்டும்.